சியூ யோக்குக்கும் பன்றி வறுவலுக்கும் எந்த ஒயின்? சுங்கை சிப்புட் வீட்டு மேசையிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

கல்யாணமான முதல் வருடம், மாமனார் வீட்டில் கிறிஸ்மஸ் விருந்து. அவர்கள் கத்தோலிக்கர்கள், நாங்கள் முனியாண்டி கும்பிடுகிறவர்கள். சாமி வேறானாலும் சட்டி ஒன்று, இரண்டு வீட்டிலும் பன்றி இறைச்சி உண்டு. மாமியார் மிளகைத் தூக்கலாகப் போட்டு வறுவல் செய்திருந்தார். மச்சான் காலையிலேயே சுங்கை சிப்புட் டவுனுக்குப் போய் சீனர் கடையில் இரண்டு கிலோ சியூ யோக் (தோல் மொறுமொறுக்க வாட்டிய பன்றி வயிற்றுக்கறி) வெட்டி வாங்கி வந்திருந்தார். நானோ புது மாப்பிள்ளை, ஈப்போவில் வேலை. வெறுங்கையோடு போகலாமா? 130 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) கொடுத்து கேபர்னே சொவினியோன் என்ற சிவப்பு ஒயின் ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். பாட்டில் மதியம் முழுக்க கார் பூட்டில் கிடந்தது.

மாமா ஒரு மடக்கு குடித்தார். வறுவலில் ஒரு துண்டு எடுத்து மென்றார். மறுபடி ஒரு மடக்கு. முகம் சுருங்கிப் போனது.

"என்ன மாப்பிள்ளை, கஷாயமா?"

அப்புறம் கிளாஸில் மூன்று ஐஸ் கட்டி போட்டார், லெமன் சோடாவைக் கால் கிளாஸ் ஊற்றினார், நிம்மதியாகக் குடித்தார். எனக்கு உள்ளுக்குள் எரிந்தது. 130 வெள்ளி ஒயினில் சோடாவா என்று.

மாமா செய்ததுதான் சரி என்று புரிய எனக்கு ஏழெட்டு வருடம் ஆனது. ஒயின் சூடாக இருந்தது, ஐஸ் போட்டார். துவர்ப்பும் ஆல்கஹாலும் அதிகம், தண்ணியாக்கினார். இனிப்பு இல்லை, நுரை இல்லை, இரண்டையும் சோடாவால் சேர்த்தார். நான் கொண்டுபோன பாட்டிலில் இருந்த அத்தனை தப்பையும் ஒரு நிமிடத்தில் திருத்திவிட்டார். ஒரு புத்தகமும் படிக்காமல். அவர் கடைசியில் குடித்தது ருசியில் கிட்டத்தட்ட கள்.

கள்ளை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள்

தாத்தா காலத்தில் ரப்பர் தோட்டங்களில் கள்ளுக்கடை இருந்தது. பால்மரம் சீவிவிட்டு வந்தவர்கள் சாயங்காலம் அங்கே உட்கார்ந்து காரமாக எதையாவது கடித்துக்கொண்டு குடிப்பார்கள். பன்றி வறுவல் கிடைத்தால் அன்றைக்குத் திருவிழாதான். அந்த ஜோடி ஏன் அவ்வளவு பொருந்தியது? தென்னங்கள் இறக்கிய சில மணி நேரத்திலேயே புளித்து நுரைத்துவிடும். லேசான இனிப்பு, லேசான புளிப்பு, நாக்கில் குறுகுறுக்கும் நுரை, ஆல்கஹால் 4, 5 சதவீதம். துவர்ப்பு துளிகூடக் கிடையாது. கொழுப்பைப் புளிப்பு வெட்டும், வாயில் ஒட்டிய நெய்யை நுரை கழுவும், காரத்தை இனிப்பு ஆற்றும்.

பன்றிக்கு ஒயின் தேடும்போதும் இதைத்தான் தேடுகிறோம். புளிப்பு கட்டாயம். நுரை இருந்தால் நல்லது. காரமோ இனிப்போ தட்டில் இருந்தால் ஒயினிலும் கொஞ்சம் இனிப்பு வேண்டும். துவர்ப்பும் ஆல்கஹாலும் குறைவாக இருக்கட்டும். ஒயின் உலகத்தில் துவர்ப்புக்கு டானின் என்று பெயர். பாக்கு மென்றால், தே ஓ கோசோங்கை (பால், சர்க்கரை இல்லாத டீ) ரொம்ப நேரம் ஊறவைத்துக் குடித்தால், வாய் உள்பக்கம் இழுத்துப் பிடிக்குமே, அதேதான். அறுசுவையில் துவர்ப்பைத் தனியாக எண்ணிய நமக்கு இதை யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

கள்ளைப் புகழ்ந்து சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் விடக்கூடாது. அதே கள்ளுக்கடை எத்தனையோ வீடுகளின் சம்பள நாளைத் தின்று தீர்த்தது. 1947இல் கெடா தோட்டங்களில் தொண்டர் படையினர் கள்ளுக்கு எதிராக மறியல் செய்தது அந்த வலியினால்தான். இந்த வழிகாட்டி சாப்பாட்டோடு ஒரு கிளாஸ், மிஞ்சினால் இரண்டு கிளாஸ் குடிக்கிறவர்களுக்கு.

முதல் படி: தட்டில் இருப்பது எந்தப் பன்றி?

"பன்றிக்கு எந்த ஒயின்?" என்று கேட்டால் பதில் கிடையாது. "கோழிக்கு என்ன ரசம்?" என்பது மாதிரியான கேள்வி அது. இறைச்சியைவிட அதன் மேல் என்ன பூசியிருக்கிறது என்பதுதான் ஒயினைத் தீர்மானிக்கும். எங்கள் ஊர் மேசைக்கு வருபவை நான்கு: மொறுமொறு தோல் வைத்த சியூ யோக், இனிப்பாகச் சிவந்திருக்கும் ச்சார் சியூ, வீட்டு அடுப்புப் பெட்டியில் முழுசாக வாட்டிய தோள்கறி, பிறகு நம்முடைய வறுவல் அல்லது பெரட்டல்.

சியூ யோக் வயிற்றுப்பகுதி. தோலைக் குத்தி, உப்பு தடவி, காயவைத்து, கடும் சூட்டில் வாட்டுவார்கள். தோல் பொரிந்து கண்ணாடி மாதிரி உடையும். சதைப்பக்கம் தடவும் ஐந்து மசாலைத் தூளில் வழக்கமாக அன்னாசிப்பூ, கிராம்பு, பட்டை, சோம்பு, சீன மிளகு இருக்கும். கடைசியை விட்டுவிட்டால் நம் ஆட்டுக்கறி மசாலாவின் பங்காளிதான். ருசி என்று பார்த்தால் உப்பு, கொழுப்பு, லேசான வாசனை. காரம் இல்லை, இனிப்பும் இல்லை. ஒயினுக்கு இதைவிட வசதியான பன்றி கிடையாது.

ஒரு விஷயம். சியூ யோக்கைக் காலை 11 மணி வாக்கில் வாங்குங்கள். சாயங்காலம் வரை பொட்டலத்தில் கிடந்தால் தோல் நமத்துப்போய் ரப்பர் ஷீட் ஆகிவிடும். தப்பித்தவறி நமத்துவிட்டால் ஏர் ஃபிரையரில் 200 டிகிரியில் தோல் மேலே இருக்கும்படி வைத்து ஐந்தாறு நிமிடம் விடுங்கள். மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம். தோல் நமத்த சியூ யோக்குக்கு எந்த ஒயினும் உதவாது.

ச்சார் சியூவில் சர்க்கரைப் பாகும் சோயாவும் சேர்ந்து ஓரங்கள் கருகியிருக்கும். இனிப்புதான் அங்கே ராஜா. அடுப்பில் வாட்டிய தோள்கறி நீங்கள் என்ன தடவுகிறீர்களோ அதுவாக மாறும். வறுவல் பற்றிச் சொல்லவே வேண்டாம்: மிளகு, காய்ந்த மிளகாய், சோம்பு, கறிவேப்பிலை, கடைசியில் ஒரு சுற்று கறுப்பு கிச்சாப், அதாவது கறுப்பு சோயா சாஸ்.

இரண்டாம் படி: சியூ யோக்குக்கு

என் முதல் தேர்வு ரீஸ்லிங் திராட்சையில் செய்த இனிப்பில்லாத வெள்ளை ஒயின். தெற்கு ஆஸ்திரேலியாவின் கிளேர் வேலி, ஈடன் வேலி என்று லேபிளில் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். லீமாவ் கஸ்தூரி என்ற சின்ன எலுமிச்சையை நறுக்கியது போன்ற வாசம், பல் கூசும் புளிப்பு. கொழுப்பும் உப்பும் உள்ள ஒரு துண்டை மென்றுவிட்டு ஒரு மடக்கு குடித்தால் வாய் துடைத்துவிட்ட மாதிரி ஆகிவிடும், அடுத்த துண்டுக்குக் கை போகும். உப்பு ஒயினின் புளிப்பைச் சற்று மட்டுப்படுத்துவதால், தனியாகக் குடிக்கும்போது கடுகடுவென்று இருந்த ஒயின் சியூ யோக்கோடு பழச்சாறு போல இளகிவிடும். நாலைந்து வருடம் பழசான ரீஸ்லிங்கில் லேசாக மண்ணெண்ணெய் வாசம் வரலாம். கெட்டுப்போய்விட்டது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அந்தத் திராட்சையின் குணம் அது, அதற்காகவே தேடி வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

இரண்டாவது, குமிழி ஒயின். போர்த்துகலில் பைராடா என்று ஒரு வட்டாரம் உண்டு. பால்குடிப் பன்றிக்குட்டிக்கு பூண்டும் மிளகும் பன்றி நெய்யும் அரைத்துப் பூசி, விறகு அடுப்பில் தோல் நொறுங்கும்படி வாட்டுவார்கள். அதோடு அவர்கள் குடிப்பது அந்த ஊரிலேயே செய்த குமிழி ஒயின். நம் டவுன் சியூ யோக்குக்கும் பைராடா பன்றிக்கும் தூரத்து உறவு என்று எனக்கு எப்போதும் தோன்றும். உப்பு, கொழுப்பு, நொறுங்கும் தோல். அதனால் ஸ்பெயினின் காவா, இத்தாலியின் புரொசெக்கோ எதுவானாலும் சரி, 'புரூட்' (இனிப்பில்லாதது) என்று போட்டதாக எடுங்கள். ஷாம்பெயின் வாங்க வசதி இருந்தால் தாராளமாக வாங்குங்கள், ஆனால் என் காசு என்றால் காவாதான்.

தென்னாப்பிரிக்காவின் ஷெனின் பிளாங்க் என்ற வெள்ளை ஒயின் விலைக்கு நல்ல சரக்கு. நியூசிலாந்தின் சொவினியோன் பிளாங்க் எல்லா சூப்பர்மார்க்கெட்டிலும் இருக்கும், புளிப்பும் இருக்கும், ஆனால் அதன் பச்சைப் புல் வாசமும் அன்னாசிப்பூவும் என் வாயில் ஒத்துப்போனதே இல்லை. மிளகாய் வினிகர் சாஸில் தொட்டுச் சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும் அது சரிப்படும்.

"சிவப்பு இல்லாமல் என்ன ஒயின்?" என்று கேட்கும் சித்தப்பா எல்லா வீட்டிலும் ஒருவர் இருப்பார். அவருக்கு பினோ நுவார், அல்லது பிரான்ஸின் போஜொலே. போஜொலே கமே என்ற திராட்சையில் செய்வது. துவர்ப்பு குறைவு, புளிப்பு நன்றாக இருக்கும், சிவந்த பழ வாசம். அதையும் குளிரவைத்துக் கொடுங்கள். கேபர்னேயை மாட்டிறைச்சி சாப்பிடுகிறவர்களுக்கு விட்டுவிடலாம்.

மூன்றாம் படி: ச்சார் சியூவுக்கு

தீபாவளி அன்று லட்டு சாப்பிட்ட கையோடு டீ குடித்திருப்பீர்கள். சர்க்கரை போட்ட டீயே சப்பென்று இருக்கும். ச்சார் சியூவோடு இனிப்பில்லாத ஒயின் குடித்தால் அதே கதை: ஒயினில் இருந்த பழச்சுவை காணாமல்போய் வெறும் புளிப்பும் கசப்பும் நிற்கும். எனவே ஒயின் சாப்பாட்டின் அளவுக்காவது இனிக்க வேண்டும், இல்லாவிட்டால் இனிப்பு போல ஏமாற்றும் பழுத்த பழச்சுவையாவது இருக்க வேண்டும்.

ஜெர்மனியின் மோசல் ஆற்றங்கரை ரீஸ்லிங்கில் 'கபினெட்' என்று போட்டிருக்கும் பாட்டில் இதற்கென்றே செய்தது போல இருக்கும். இனிப்பு உண்டு, ஆனால் புளிப்பு அதைத் தாங்கிப் பிடிப்பதால் சர்பத் போல வழவழக்காது. குமிழி வேண்டுமானால் புரொசெக்கோவில் 'எக்ஸ்ட்ரா டிரை' எடுங்கள். ஒயின் பேச்சில் 'டிரை' என்றால் இனிப்பில்லாதது, ஆனால் பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். எக்ஸ்ட்ரா டிரை என்பது புரூட்டைவிட இனிப்பு கூடியது. புரூட் என்றால் லிட்டருக்கு 12 கிராம் சர்க்கரைக்குள், எக்ஸ்ட்ரா டிரை என்றால் 12 முதல் 17 கிராம். இந்தப் பெயரை வைத்தவர் யாரோ, தமிழ்ப் படத்தில் ஒல்லியானவனுக்கு 'குண்டு' என்று பட்டப்பெயர் வைத்த ஆள் மாதிரி.

சிவப்பில் கிரனாஷ், இத்தாலியின் பிரிமிதீவோ, இரண்டும் பழம் கனிந்த மாதிரி இருக்கும், கருகிய ஓரத்துக்கு ஒத்துப்போகும். ஆல்கஹால் கொஞ்சம் அதிகம், அதனால் சிறிய கிளாஸ்.

நான்காம் படி: வீட்டில் வாட்டிய தோள்கறிக்கு

இது சுலபம். உப்பு, மிளகு, பூண்டு மட்டும் தடவினால் மரப்பீப்பாய் வாசம் அதிகம் இல்லாத ஷார்டனே (இதுவும் வெள்ளை), ஷெனின் பிளாங்க், பினோ நுவார் எல்லாமே சேரும். ரோஸ்மேரி, சோம்பு என்று இத்தாலிப் பக்கம் போனால் கியாந்தி என்ற சிவப்பு ஒயின். ஜெர்மனியிலும் பக்கத்தில் பிரான்ஸின் அல்சாஸிலும் பன்றிக்கு ரீஸ்லிங் குடிப்பது வழக்கம்.

வெள்ளைக்காரர்கள் ஆப்பிள் சாஸ் வைப்பார்கள். நாங்கள் தம்புன் பம்ளிமாஸ் சுளைகளை உதிர்த்து, சின்ன வெங்காயம், ஒரு பச்சை மிளகாய், உப்பு போட்டுப் பிசிறி வைக்கிறோம். ஈப்போ பக்கத்தில் இருந்துகொண்டு ஆப்பிளைத் தேடுவானேன்? ஒன்றை மட்டும் கவனியுங்கள். தட்டில் புளிப்பு ஏறினால் ஒயினின் புளிப்பு அதற்கு மேல் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒயின் தொளதொளத்துவிடும். பம்ளிமாஸ் இருந்தால் ஷார்டனேயை ஒதுக்கிவிட்டு ரீஸ்லிங்குக்கே திரும்புங்கள்.

ஐந்தாம் படி: நம் வறுவலுக்கு

இங்கேதான் முக்கால்வாசிப் பேர் தோற்கிறார்கள். நானும் தோற்றது இங்கேதான்.

மிளகாயின் எரிச்சலை உணரும் நரம்பு முனைகள் ஆல்கஹாலுக்கும் அதே எரிச்சலைக் காட்டும். 14.5 சதவீத ஒயினைக் காரத்தின் மேல் ஊற்றினால் நெருப்பில் மண்ணெண்ணெய் ஊற்றிய மாதிரிதான். துவர்ப்பு அந்த எரிச்சலை இன்னும் சொரசொரப்பாக்கும். மாமாவின் முகம் சுருங்கியதற்குக் காரணம் இதுவே. ஆகவே மிளகாய் தூக்கலான வறுவல் என்றால் 8 முதல் 11 சதவீத ஆல்கஹால், கொஞ்சம் இனிப்பு, நல்ல குளிர். மோசல் கபினெட் இங்கேயும் முதலிடம். கெவுர்ட்ஸ்ட்ராமினர் என்று வாயில் நுழையாத ஒரு திராட்சை உண்டு, லிச்சியும் ரோஜாவும் கலந்த வாசம். இஞ்சி, பட்டை, சோம்பு சேர்ந்த பெரட்டலோடு பிரமாதமாக இருக்கும். ஆனால் புளிப்பு குறைவு என்பதால் கொழுப்பு அதிகமான துண்டுகளுக்கு நான் எடுப்பதில்லை. இத்தாலியின் மொஸ்காட்டோ தாஸ்தி 5 சதவீதம்தான், அத்தைகளுக்குப் பிடிக்கும். எனக்கு இனிப்பு கொஞ்சம் ஓவர்.

எல்லாவற்றையும்விட நான் அதிகம் பரிந்துரைப்பது லாம்புருஸ்கோ. இத்தாலியின் எமிலியா வட்டாரத்துச் சிவப்பு ஒயின், அதுவும் நுரைக்கிற சிவப்பு. அந்த வட்டாரமே பன்றித் தொடை, பன்றி சாசேஜ் செய்வதற்குப் பெயர்போனது. பன்றி தின்கிற ஊர்க்காரர்கள் தங்களுக்காகச் செய்துகொண்ட ஒயின் இது. புளிப்பு, நுரை, குறைந்த ஆல்கஹால் மூன்றும் உண்டு. லேபிளில் 'அமாபிலே' என்றிருந்தால் இனிப்பு, 'செக்கோ' என்றிருந்தால் இனிப்பில்லாதது. வறுவலுக்கு அமாபிலே. நிறத்தைப் பார்த்து ஸ்டவுட் (கறுப்பு பீர்) குடிக்கிற மாமாக்களும் மறுக்காமல் வாங்கிக்கொள்வார்கள். ஈப்போ கடைகளில் எப்போதும் இருக்காது. கண்ணில் பட்டால் இரண்டாக எடுத்துவைப்பேன்.

மிளகாய் இல்லாமல் மிளகு மட்டும் தூக்கலாக இருக்கும் வறுவலுக்கு வேறு ஒரு வழி இருக்கிறது: ஷிராஸ் என்ற சிவப்பு ஒயின். மிளகுக்கு அதன் வாசத்தைத் தரும் ரோட்டண்டோன் என்ற பொருளே ஷிராஸிலும் இருப்பதை ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சிக் கழகத்தினர் கண்டுபிடித்து 2008இல் வெளியிட்டார்கள். மிளகு வாசம் என்று ஒயின்காரர்கள் சொல்வது கவிதை இல்லை, நிஜமாகவே மிளகுதான். அவர்கள் சோதனையில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு அந்த வாசம் எட்டவே இல்லை. உங்கள் மச்சான் "ஒன்றும் தெரியலையே" என்றால் அவர் பொய் சொல்லவில்லை. குளிர்ப் பகுதியில் விளைந்த ஷிராஸில் இந்த வாசம் தூக்கலாக இருக்கும், ஆல்கஹாலும் குறைவு. பாட்டிலில் 'சிரா' என்று பிரெஞ்சுப் பெயரும் 13, 13.5 சதவீதமும் போட்டிருந்தால் நம்பி எடுக்கலாம். பெரும்பாலும் சூடான பகுதியிலிருந்து வரும் 15 சதவீத ஷிராஸைத் தொடாதீர்கள்.

ஒரே பாட்டிலில் எல்லாவற்றையும் சமாளிக்க வேண்டும், மேசையில் சியூ யோக்கும் வறுவலும் கலந்து கிடக்கிறது என்றால்? இனிப்பு அதிகமில்லாத ரோசே, அதாவது இளஞ்சிவப்பு ஒயின். எதிலும் முதல் மதிப்பெண் வாங்காது, எதிலும் தோற்காது.

காட்டுப்பன்றி கிடைக்கும் வீடுகளுக்கும் ஒரு வரி: கொழுப்பு குறைவு, வாடை அதிகம், மசாலா கனம். அதற்கு கிரனாஷும் ஷிராஸும் கலந்த சிவப்பு தாங்கும்.

ஆறாம் படி: கடையில்

2016 மார்ச் முதல் நம் நாட்டில் மதுவரி பாட்டிலுக்குள் இருக்கும் ஆல்கஹாலின் அளவை வைத்துக் கணக்கிடப்படுகிறது. அப்போது சாதாரண ஒயினுக்கு வைத்த கணக்கு லிட்டர் தூய ஆல்கஹாலுக்கு 150 வெள்ளி. 13 சதவீத 750 மில்லி பாட்டிலில் தூய ஆல்கஹால் சுமார் 97 மில்லி. அந்தக் கணக்குப்படி வரி 14 வெள்ளிக்கு மேல் வரும். 8 சதவீத ரீஸ்லிங் என்றால் 60 மில்லிதான், 9 வெள்ளி. விஷயம் என்னவென்றால், ஒயின் நல்லதோ மட்டமோ, இந்த வரி ஒன்றேதான். கப்பல் கூலி, பாட்டில், கடை வாடகையும் அப்படியே. 45 வெள்ளி பாட்டிலில் இதெல்லாம் போக ஒயினுக்கு மிஞ்சுவது சொற்பம். 70 வெள்ளி பாட்டிலில் கூடுதலாகக் கொடுக்கும் 25 வெள்ளியில் பெரும்பங்கு ஒயினுக்கே போகிறது. மாதம் இரண்டு பாட்டில் 45க்கு வாங்குவதைவிட ஒரு பாட்டில் 70க்கு வாங்குங்கள் என்பேன். 130 வெள்ளிக்குப் போக வேண்டாம், என் அனுபவம் போதும். குமிழி ஒயினுக்கு வரி இன்னும் கூடுதல் என்பதால் அங்கே மட்டும் விலை சற்று ஏறும்.

எங்கள் ஊரில் வாங்குவதைவிட ஈப்போவில் குளிரூட்டிய கடையில் வாங்குவது நல்லது. ஒயினுக்கு எமன் வெயில். அஞ்சடிக் கடை வாசலில் மதிய வெயில் விழும் அலமாரியில் ஆறு மாதமாக நிற்கும் பாட்டில் உள்ளே வெந்திருக்கும். கார்க் லேசாக வெளியே தள்ளியிருந்தாலோ கழுத்தில் பிசுபிசுப்பு இருந்தாலோ வைத்துவிடுங்கள். எங்கள் வெயிலுக்குத் திருகு மூடி எவ்வளவோ மேல்: காய்ந்து சுருங்கக் கார்க் இல்லை. திருகு மூடி என்றால் மட்டம் என்ற எண்ணம் பழசு. கிளேர் வேலிக்காரர்கள் பலர் தங்கள் 2000ஆம் ஆண்டு ரீஸ்லிங்கையே திருகு மூடிக்கு மாற்றினார்கள்.

ரீஸ்லிங் வாங்கும்போது இனிப்பா இல்லையா என்று லேபிள் பெரும்பாலும் வெளிப்படையாகச் சொல்லாது. ஆல்கஹால் சதவீதத்தைப் பாருங்கள். திராட்சையின் சர்க்கரைதான் ஆல்கஹாலாக மாறுகிறது. 8, 9 சதவீதம் என்றால் மாறாத சர்க்கரை உள்ளே மிச்சம் இருக்கிறது, இனிக்கும். 12க்கு மேல் என்றால் பெரும்பாலும் இனிப்பிருக்காது. ஜெர்மன் பாட்டிலில் 'ட்ரோக்கன்' என்றால் இனிப்பில்லாதது, 'ஹால்ப்ட்ரோக்கன்', 'ஃபைன்ஹெர்ப்' என்றால் இரண்டுக்கும் நடுவே.

லங்காவி வரியில்லாத தீவாக 1987 முதல் இருக்கிறது, அங்கே விலை குறைவு, உண்மை. ஆனால் படகில் வந்து கோலப் பெர்லிஸில் இறங்கி மதிய வெயிலில் பாட்டிலைக் கார் பூட்டில் போட்டு ஓட்டி வந்தால் மிச்சம் பிடித்த காசு வெந்துபோகும். ஐஸ் பெட்டியில் வையுங்கள்.

சுங்கத்துறை வரி முத்திரை ஒட்டாத பாட்டிலை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்காதீர்கள். 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மதுவால் எத்தனை பேர் இறந்தார்கள் என்பது மறக்கக்கூடியதல்ல. 21 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையைக் கடைக்கு அனுப்பவும் கூடாது, 2017 டிசம்பரிலிருந்து சட்டம் அப்படி.

ஏழாம் படி: குளிர்

"சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும்" என்று எழுதியவன் சுங்கை சிப்புட்டில் தகரக் கூரைக்கு அடியில் உட்கார்ந்ததில்லை. அவன் அறை 17 டிகிரி, நம் அறை 31. சூடான சிவப்பில் ஆல்கஹால் மூக்கில் குத்தும், துவர்ப்பு தளர்ந்து சேறாகும். சிவப்பை 15, 16 டிகிரியில் கொடுங்கள்: குளிர்பெட்டியில் ஒரு மணி நேரத்துக்கு மேல். லாம்புருஸ்கோவும் போஜொலேயும் இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாம். வெள்ளையும் ரோசேயும் மூன்று மணி நேரம், குமிழி அதற்கும் மேல். நம் மேசையில் கிளாஸ் பத்து நிமிடத்தில் சூடாகிவிடும், எனவே சற்று அதிகமாகவே குளிர வையுங்கள், கிளாஸை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள்.

அவசரமா? அரிசி கழுவும் அண்டாவில் பாதி ஐஸ், பாதி தண்ணீர், ஒரு கைப்பிடி உப்பு. பாட்டிலைக் கழுத்து வரை அமுக்குங்கள், 15 நிமிடம். வெறும் ஐஸைவிட ஐஸ் தண்ணீர் வேகமாகக் குளிரவைக்கும், பாட்டிலைச் சுற்றி இடைவெளி இல்லாமல் ஒட்டிக்கொள்வதால். உப்பு தண்ணீரின் வெப்பத்தை இன்னும் கீழே இறக்கும்.

எட்டாம் படி: மேசையில்

ஒரு பாட்டில் ஐந்து கிளாஸ். எட்டுப் பேர் விருந்துக்கு மூன்று பாட்டில் போதும், ஒரு குமிழி, ஒரு ரீஸ்லிங், ஒரு சிவப்பு. முதலில் சியூ யோக்கும் இனிப்பில்லாத ஒயினும், பிறகு காரமும் இனிப்பு ஒயினும். வரிசையை மாற்றினால் மிளகாயில் மரத்துப்போன நாக்குக்கு ரீஸ்லிங்கும் தண்ணீரும் ஒன்றுதான்.

பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பம் வருகிற நாளில் பன்றியும் வேண்டாம், ஒயினும் வேண்டாம். எங்கள் வீட்டில் இதற்கென்று தனிச் சட்டி, தனி மங்கு, தனிக் கத்தி. தீபாவளி திறந்த இல்லத்தில் ஆடும் கோழியும் மட்டும், பன்றி விருந்து அடுத்த வாரம்.

காரில் வந்தவர்களுக்கு இரண்டாவது கிளாஸ் ஊற்றும் முன் யோசியுங்கள். 2020 அக்டோபரிலிருந்து வரம்பு 100 மில்லி ரத்தத்துக்கு 50 மில்லிகிராம், முன்பு 80 இருந்தது. எங்கள் வீட்டில் பாய் விரித்துவிடுவோம்.

மிச்சம் இருக்கும் ஒயினை மூடி குளிர்பெட்டியில் வைத்தால் மூன்று நாள் தாங்கும், குமிழி மறுநாளே அடங்கிவிடும். மிச்சம் இருக்கும் சியூ யோக்கை மறுநாள் சின்னதாக வெட்டி, காய்ந்த மிளகாய், பெரிய வெங்காயம், கறுப்பு கிச்சாப் போட்டுப் பெரட்டினால் மாமாவுக்கு உயிர். அதற்கு என்ன ஒயின் என்று ஒருமுறை கேட்டேன். குளிர்பெட்டியைத் திறந்து ஒரு ஸ்டவுட் எடுத்தார். "இதுக்குமா மாப்பிள்ளை புத்தகம் வேணும்?"